கல்வீடு எரியாது

வெள்ளிக்கிழமை பொழுதுபடுகிற நேரம், மடத்துவெளியில் தில்லைநாதர் வீட்டிலிருந்து காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பும். முதல் தடவை கேட்டபோது அயலட்டைச் சனம் பயந்துதான் போனது. பிறகு பழகிவிட்டது. "தில்லையண்ணை சாம்பிராணி போட்டிட்டார், விளக்கு வைக்க நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அவரவர் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

உள்ளே மனிதர் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் சாம்பிராணித் தட்டு, மறுகையில் தோளிலிருந்து உருவிய சால்வை. ஹோல் சீலிங்கில் இடியப்பத் தட்டளவில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைப் பெட்டிக்குக் கீழே நின்று சால்வையைச் சுழற்றிச் சுழற்றி வீசுவார்.

"வாயை மூடு! மூடெண்டுறன், சனியனே!"

பக்கத்து அறைக் கட்டிலில் இருந்தபடி அவருடைய மனைவி மீனாம்பிகை விழுந்து விழுந்து சிரிப்பார்.

"அதுவும் உங்களைப் போலதான். துவங்கினா ஆர் சொல்லியும் நிப்பாட்டாது."

"உம்மடை மகள் கொண்டந்து பூட்டினதெல்லே. நீர் சிரிப்பீர்தானே."

மகள் இந்துஜா இருப்பது கனடாவில். போன வருசம் மீனாம்பிகை கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் செய்து, வோக்கர் பிடித்து நடக்கிற நிலைமையில் வீட்டுக்கு வந்தபோது அவள் பார்க்க ஓடிவந்தாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டி நிறையச் சொக்கிலேற்றும் சென்ற் போத்தலும் கொண்டுவருவார்கள். இவள் ஒரு ஸ்மோக் அலாரம் கொண்டுவந்தாள். வந்த மறுநாளே மேசையின் மேல் கதிரையை வைத்து, ஏறி, தன் கையாலேயே அதைப் பூட்டினாள். சாமியறைக்கும் தாயின் அறைக்கும் நடுவில் ஹோலில்தான் பூட்ட வேண்டும் என்று இடம் பார்த்துப் பூட்டினாள்.

தில்லைநாதர் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, கனடாவிலை பலகை வீடு. அங்கை உது வேணும். இது என்ரை அப்பர் கட்டின கல்வீடு. கல்லு எரியுமே?"

"கல்லு எரியாது அப்பா. உள்ளுக்கை கிடக்கிற ஸ்பொஞ் எரியும். நைலோன் திரைச்சீலை எரியும். சாமிக்குப் போட்டிருக்கிறியளே பிளாஸ்டிக் மாலை, அது எரியும். நெருப்பு வரமுதல் புகை வந்திடும். நித்திரை கொள்ளுற ஆளுக்குப் புகை மணக்காது. அம்மா நோவுக்குக் குளிசை போட்டுட்டுப் படுக்கிறவ. அவவை ஆர் எழுப்பிறது?"

மகள் மடக்கிவிட்டால் அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொள்வது வழக்கம். அன்றும் அப்படியே செய்தார்.

ஆனால் மீனாம்பிகைக்கு அது ஒரு விளையாட்டாகப் பிடித்துக்கொண்டது. இந்துஜா வீடு கூட்டுகிற தும்புத்தடிக் காம்பால் பெட்டியின் பொத்தானை அமத்திப் பிடிப்பாள், அது கத்தும். உடனே தாய் கட்டிலைவிட்டு எழும்பி, வோக்கரைப் பிடித்து, பின்கதவால் இறங்கி, முருங்கையடிக்குப் போய் நிற்க வேண்டும். முதல் நாள் பாதி வழியில் களைத்துப் போனார். மகள் திரும்பிப் போகிற கிழமைக்குள், சத்தம் கேட்ட கையோடு எழும்பி முருங்கையடியில் நின்று, "என்ன, இன்னும் பெட்டி கத்தி முடியேல்லையோ?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

"மாதத்துக்கு ஒருக்கா அமத்திப் பாருங்கோ அப்பா. மறந்திடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் இந்துஜா பிளேன் ஏறினாள். முதல் மாதம் அமத்திப் பார்த்தார். அடுத்த மாதம் மகள் போனில் கேட்டபோது, "ஓம் ஓம், பார்த்தனான். கத்தினது" என்றார். அதற்குப் பிறகு அந்த "ஓம் ஓம்" மட்டும்தான் மாதாமாதம் தவறாமல் கனடாவுக்குப் போனது. தும்புத்தடி மூலையில் கிடந்தது.

தில்லைநாதரைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. பெண்சாதிக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கிற, தலை வாரி இழுத்துவிடுகிற மனிதர். ஆனால் அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது: மைக். சிங்கள ஊரான குருநாகலில் கடை வைத்திருந்த காலம் முழுக்க, பிறத்தி ஊரில் பிறத்திப் பாசையில், வாயை அளந்து அளந்து திறந்து பிழைத்தவர். ஊரோடு வந்து சேர்ந்ததும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்துக் கோயில் ஒலிபெருக்கியில் கொட்டினார். அம்மன் கோயில் திருவிழா என்றால் அறிவிப்பாளர் தில்லைநாதர்தான். "எல்லாம் வல்ல அன்னையின் அருட்கடாட்சத்தினால்" என்று அவர் தொடங்கினால், கடலில் நிற்கிற வள்ளத்துக்கும் கேட்கும்.

தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம், ஒலிபெருக்கிக்காரன் ஜெயரூபன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அண்ணை, வயரில்லாத மைக்குக்குப் பற்றறி முடிஞ்சு போட்டுது. சதுரப் பற்றறி. இஞ்சத்தைக் கடையிலை மணிக்கூட்டுப் பற்றறிதான் கிடக்கு. யாழ்ப்பாணம் போனால்தான் எடுக்கலாம். நாளைக்கு வயர் மைக்கிலையே பேசுங்கோவன்."

"விசரே உனக்கு? தேர் வீதியிலை ஓடேக்கை நான் மண்டபத்துக்குள்ளை வயரோடை கட்டுப்பட்டு நிக்கிறதோ? தேரோடை நடந்து பேசவேணும். அதுதான் எடுப்பு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு நினைவு வந்துவிட்டது. சதுரப் பற்றறி. வீட்டில் தலைக்கு மேலே ஒன்று சும்மா கிடக்கிறது!

வீட்டுக்கு வந்தவர் நேரே மேசையை இழுத்தார், கதிரையைத் தூக்கி வைத்தார், ஏறினார். சத்தம் கேட்டு மீனாம்பிகை வோக்கரோடு அறை வாசலுக்கு வந்தார்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்? அதை ஏன் கழட்டுறியள்?"

"கழட்டேல்லை. பற்றறியை மட்டும் எடுக்கிறன். மைக்குக்கு."

"பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லிப்போட்டுப் போனவளெல்லே."

"ஒரு நாளைக்குத்தானே. நாளையிண்டைக்கு யாழ்ப்பாணம் போவன், புதுசு வாங்கிப் போட்டுவிடுறன். என்ன குடியே முழுகப்போகுது?"

மீனாம்பிகை மெல்லச் சொன்னார்: "நாளைக்கெல்லே வீட்டிலை நான் தனிய இருக்கிறன்."

தில்லைநாதர் மூடியை அமத்திப் பூட்டிவிட்டு இறங்கினார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பெட்டி முன்போலவே பொல்லாத பெட்டியாகத்தான் தெரிந்தது. பற்றறியைச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுத் தட்டிக்கொண்டார்.

"தனியெண்டு ஏன் நினைக்கிறீர்? நாள் முழுக்க என்ரை குரல் உமக்குக் கேட்டுக்கொண்டுதானே இருக்கும். பயமென்னத்துக்கு?"

மீனாம்பிகை சிரித்துவிட்டார். அந்த மனுசி அப்படித்தான், எதற்கும் சிரித்துவிடும்.

தேர் நாள் விடிந்தது. தில்லைநாதர் குளித்து, பட்டு வேட்டி கட்டி, சாமியறை விளக்குக்கு நிறைய எண்ணெய் விட்டு ஏற்றினார். தேர் நாளில் வீட்டு விளக்கு அணையக் கூடாது என்பது அவர் தாய் காலத்து வழக்கம். சாமியறை வாசலில் நைலோன் திரைச்சீலை, அதை ஒட்டி ஹோலில் ஸ்பொஞ் வைத்த நீட்டுக் கதிரை. ஆனி மாதச் சோழகக் காற்று தீவுப் பகுதியில் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு யன்னல் திறந்திருந்தால் வீட்டில் கிடக்கிற கடதாசியெல்லாம் பறக்கும்.

"யன்னலைச் சாத்திப்போட்டுப் போங்கோ" என்று மீனாம்பிகை அறையிலிருந்து குரல் கொடுத்தார். இவர் மனம் முழுக்க, தேர் தன் இருப்பிடமான முட்டியைவிட்டு இறங்குகிறபோது சொல்ல வேண்டிய வசனத்தில் இருந்தது. "ஓம் ஓம்" என்றார். கனடாவுக்குப் போகிற அதே "ஓம் ஓம்".

காலைக் குளிசை போட்டால் மீனாம்பிகைக்குக் கண்ணைச் சொருகிவிடும். மத்தியானம் மாக்கிறேற் வந்து எழுப்பிச் சோறு கொடுப்பதாக ஏற்பாடு. மாக்கிறேற் இரண்டு வளவு தள்ளி இருக்கிற, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண். மீனாம்பிகைக்கென்று மச்சம் மாமிசம் படாத புதுச் சட்டியொன்றைத் தன் குசினியில் வேறாக வைத்திருந்தாள். ஊர் முழுக்கத் தேருக்குப் போய்விட்டது. அந்த ஒழுங்கையில் அன்று மிச்சமிருந்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான்.

தேர் இறங்கியது. தில்லைநாதர் மைக்கும் கையுமாகத் தேருக்கு முன்னால் நடந்தார். அப்படியொரு குரல் அவருக்கு அதற்கு முன் எந்த வருசமும் வாய்த்ததில்லை. வடக்கு வீதி திரும்புகிறபோது அவரே தன் குரலில் சொக்கிப் போனார். "அடியார்களே, அன்னை உங்கள் வாசல் தேடி வருகிறாள்!" என்று அவர் சொன்னதும் சனம் அரோகரா என்று பதில் கொடுத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாக்கிறேற் சனத்தை இடித்துக்கொண்டு வந்தாள். தலை குலைந்து, முகத்தில் கரி பட்டு, செருப்பில்லாத காலோடு வடத்துக்கு நேரே ஓடிவந்தாள். இவருக்கு வந்ததே கோபம்! மைக்கிலேயே சொன்னார்:

"வடத்துக்குக் குறுக்கே வருகின்ற அந்தத் தாயார் தயவுசெய்து அப்பால் விலகி நிற்கவும். தேருக்கு இடைஞ்சல் செய்ய வேண்டாம்."

அவள் விலகவில்லை. ஓடிவந்த வேகத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அண்ணை, வீடு! வீட்டுக்குள்ளை ஒரே புகை! அக்காவைக் கூப்பிடக் கூப்பிட எழும்புறா இல்லை! உள்ளுக்கை போக ஏலேல்லை, ஓடிவாங்கோ!"

மைக் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவள் சொன்னது ஊர் முழுக்க, கடல் வரைக்கும் கேட்டது. அந்தப் பற்றறி தன் வேலையைச் செய்யத்தான் செய்தது. நெருப்பென்று கத்தியது. கத்த வேண்டிய வீட்டில் கத்தாமல், சனம் நிறைந்த தேர் வீதியில், நேரம் பிந்திக் கத்தியது.

தேரை நடுவீதியில் விட்டுவிட்டுச் சனம் ஓடியது. போய்ப் பார்த்தால் பெரிய நெருப்பொன்றும் இல்லை. காற்றில் அள்ளுண்ட திரைச்சீலை விளக்கில் பட்டு, அது நீட்டுக் கதிரையில் விழுந்து, ஸ்பொஞ் உள்ளுக்குள்ளேயே உருகி உருகிக் கருகியிருந்தது. கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக அள்ளி ஊற்ற அணைந்துவிட்டது. எரிந்தது ஒரு கதிரை, ஒரு திரைச்சீலை, சாமிப் படத்துப் பிளாஸ்டிக் மாலைகள். மீனாம்பிகையின் கட்டில் விரிப்பில் ஒரு பொட்டுக் கூடக் கருகவில்லை. அவர் சரிந்து படுத்தபடி படுத்திருந்தார். வோக்கர் கட்டிலோடு சாத்தினபடி அப்படியே நின்றது. மனுசி எழும்பவேயில்லை.

"புகைதான்" என்றார் ஆஸ்பத்திரியில் டொக்டர். "நித்திரையிலேயே மூச்சு அடங்கியிருக்கு. முந்தியே எழுப்பியிருந்தால் நடந்து வெளியிலை வந்திருப்பா." தில்லைநாதர் பட்டு வேட்டியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வாய்க்கு அன்று ஒரு சொல்லும் வரவில்லை.

ஊர் வாய்க்கு வந்தது. "என்ன சாவு பாருங்கோ! தேர் நாளிலை, பூவோடையும் பொட்டோடையும் போய்ச் சேர்ந்திட்டா. ஆருக்கு வாய்க்கும்?" என்றார்கள். "அம்மன் வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போட்டா" என்றார்கள். செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். கேட்கக் கேட்கத் தில்லைநாதருக்கு அது ஒரு போர்வை மாதிரி இருந்தது. இழுத்து மூடிக்கொண்டார்.

இந்துஜா வந்து இறங்கினாள். தாயின் முகத்தைப் பார்த்து அழுது முடித்தபின், நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தாள். எல்லாரும் போனபிறகு தும்புத்தடிக் காம்பை எடுத்துப் பொத்தானை அமத்தினாள். சத்தமில்லை. மேசையை இழுத்து ஏறி மூடியைத் திறந்தாள்.

"அப்பா, பற்றறி எங்கை?"

"அது... பழுதாப் போச்சு பிள்ளை. எறிஞ்சுபோட்டன். புதுசு வாங்க இருந்தனான்."

அவள் மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டு இறங்கினாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, "அதைக் கழட்டவேண்டாம், அதிலையே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். பால் வெள்ளைச் சீலிங்கில் கரி படிந்த பெட்டி தனியாகத் தெரிந்தது. தில்லைநாதர் அந்தப் பக்கம் தலை நிமிர்த்துவதை விட்டுவிட்டார்.

அந்தியேட்டி முடிந்து மத்தியானச் சாப்பாடு. ஹோலில் பாய் விரித்துச் சனம் பந்தியில் இருந்தது. கோயில் தர்மகர்த்தா கதிர்காமு, சோற்றைக் குழைத்துக்கொண்டே அதே பாட்டைத் தொடங்கினார்.

"கொடுத்துவைச்ச மனுசி, தில்லை. விதி முடிஞ்சால் ஆரால தடுக்க ஏலும்? அதுவும் தேர் நாளிலை..."

அந்த நேரம் ஜெயரூபன் உள்ளே வந்தான். செத்தவீட்டுக்குப் பிறகு வேறு ஊர்த் திருவிழாக்களுக்குப் போய்விட்டு, அன்றுதான் திரும்பியிருந்தான். சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒன்றை எடுத்து மரியாதையாக நீட்டினான்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. அண்டைக்கு மைக்குக்கெண்டு வீட்டிலையிருந்து கழட்டித் தந்தியள். இன்னும் நல்லாத்தான் கிடக்கு. உங்கடை சாமானெல்லே, வைச்சிருக்கக் கூடாதெண்டு கொண்டந்தனான்."

சதுரப் பற்றறி.

பருப்புக் கறி பரிமாறிக்கொண்டிருந்த இந்துஜாவின் கை அப்படியே நின்றது. தகப்பன் முகத்தைப் பார்த்தாள். "அப்பா..." என்றாள். அவ்வளவுதான்.

தில்லைநாதர் அந்தப் பற்றறியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேசையை இழுத்தார். அதன்மேல் கதிரையைத் தூக்கி வைத்தார். ஏறுகிறபோது கதிரை ஆடியது. இந்துஜா வந்து கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் மூடியைத் திறந்து, பற்றறியைப் போட்டு, பொத்தானை விரலால் அழுத்தினார்.

பெட்டி கத்தியது. சோற்றில் வைத்த கைகள் நின்றன. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. வெள்ளிக்கிழமைகளில் சால்வை வீசி அடக்கின அந்தச் சத்தத்தை, இப்போது அவர் விரலை எடுக்காமல் கத்தவிட்டுக்கொண்டிருந்தார்.

கதிர்காமு இடக்கையால் காதைப் பொத்திக்கொண்டார். "நிப்பாட்டும் ஐசே! காது அடைக்குது!"

"அடைக்கட்டும்!" தில்லைநாதர் மேலே நின்றபடி கத்தினார். கோயில் மைக்கில் கேட்ட குரல் இல்லை இது. உடைந்த குரல். "வடிவாக் கேளுங்கோ. உங்களுக்கே சாப்பிட ஏலாமல் கிடக்கு. பக்கத்து அறையிலை கிடந்தவ இதுக்கு எழும்பியிருக்க மாட்டாவோ? எழும்பி, வோக்கரைப் பிடிச்சு, முருங்கையடிக்குப் போயிருப்பா. பழகி வைச்சிருந்தவ. சிரிச்சுக்கொண்டு நிண்டிருப்பா!"

விரலை எடுத்தார். வீடு அடங்கிப் போயிற்று.

"விதியெண்டு இனி ஒருத்தரும் இந்த வீட்டிலை சொல்லாதேங்கோ. அம்மன்ரை தலையிலையும் போடாதேங்கோ. என்ரை பிள்ளை என்ரை மனுசிக்கெண்டு மாட்டின காவலை, என்ரை குரல் ஊருக்குக் கேக்கவேணுமெண்டு நான் கழட்டினனான். கேட்ட பிள்ளைக்குப் பொய்யும் சொன்னனான். கல்வீடு எரியாதெண்டும் சொன்னனான். அது மட்டும் சரி. பாருங்கோ, சுவரெல்லாம் அப்பிடியே நிக்குது. வெள்ளையும் அடிச்சாச்சு. உள்ளுக்கை இருந்தவதான் இல்லை."

இந்துஜா கதிரைக் காலைப் பிடித்தபடி குனிந்து அழுதுகொண்டிருந்தாள். தில்லைநாதர் சீலிங்கைப் பிடித்துக்கொண்டு, கீழே இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இந்தச் சாவைக் கேட்டு உங்கடை வீடுகளுக்கும் வெளிநாட்டுப் பிள்ளையள் இந்தப் பெட்டியை அனுப்பியிருக்குங்கள். அலுமாரிக்குள்ளை கிடந்தால் எடுத்துப் பூட்டுங்கோ. பூட்டிக் கிடந்தால், சாப்பிட்டுப்போட்டு வீட்டை போன உடனை தும்புத்தடியாலை ஒருக்கா அமத்திப் பாருங்கோ. கத்தாட்டி, இண்டைக்கே பற்றறி போடுங்கோ. நாளையிண்டைக்கெண்டு விடாதேங்கோ. நானும் நாளையிண்டைக்கெண்டுதான் விட்டனான்."